மீன் பிடிக்கப் போனவர் ஆற்றுக்குக் காவலிருந்த கதை

எங்க ஊர்ப்பக்கம் தூண்டில் போடுறவனுக்கு மரியாதை கம்மி. வலை போடுறவன் தொழில்காரன். கண்மாய் அழியிற அன்னிக்கு ஊத்தாவைத் தூக்கிக்கிட்டு இறங்குறவன் திருவிழாக்காரன். தூண்டிலோட கரையில உட்கார்ந்திருக்கிறவன் மட்டும் வேலைவெட்டி இல்லாதவன். எனக்குப் பெண் கொடுக்கும்போது, "மாப்பிள்ளைக்கு வேற கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையாம், தூண்டில் மட்டும்தானாம்" என்று என் மாமியார் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். என் வீட்டுக்காரம்மா இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

எனக்கு ஆறு வயசிலிருந்து அந்தப் பழக்கம். இப்போது அறுபத்திரண்டு. சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்ப் பாசனத்தில் மூன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் ஒரு போகம் நெல். அப்புறம் ஈரத்துக்குக் கொஞ்சம் உளுந்து. ரெண்டு மாடு, கொஞ்சம் ஆடு. இதையெல்லாம் ஏற்கனவே எழுதியிருக்கிறேன். தூண்டிலைப் பற்றித்தான் எழுதியதில்லை. மீன் பிடிக்கிற ஆசை ஒரு மனுசனை எதுவரைக்கும் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதைச் சொன்னால்தான் எங்க கண்மாயில் இப்போது நடக்கிற வழக்கும் உங்களுக்குப் புரியும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன்னால் எனக்குத் தூண்டில் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி நாலு வரி. அது எங்க அய்யா. எங்க பக்கம் தாத்தாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். மயில் இறகுத் தண்டை நறுக்கித் தக்கை செய்வார். கெண்டைக்கு மண்புழு, விராலுக்குச் சின்னத் தவளை. அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: குஞ்சு காக்கிற விராலைத் தொடக்கூடாது.

பட்டணத்தில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மழைத் தண்ணி ஏறினதும் விரால் சோடி கரையோரப் புல்லு, பாசியை ஒதுக்கி இடம் பண்ணி முட்டையிடும். முட்டை தண்ணிக்கு மேலேயே மிதக்கும். பொரித்த குஞ்செல்லாம் செக்கச்செவேல் என்று ஒரே கூட்டமாகத் திரியும். விராலுக்குக் காற்றை நேராக மூச்சிழுக்கத் தெரியும் என்பதால் குஞ்சுக்கூட்டம் அடிக்கடி மேலே வந்து போகும். தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும். கீழே பெரிய விரால் காவல். அந்த நேரத்தில் அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தவளையைப் போட்டால், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும். அதைவிடச் சுலபமான மீன் கிடையாது. அய்யா விடமாட்டார். "அது இரைக்கு வர்ற மீனு இல்லடா, புள்ளைக்கு வர்ற மீனு. அத எடுத்தா அடுத்த வருசம் நீ சும்மா உட்கார்ந்துட்டுத்தான் வரணும்" என்பார்.

இப்போது கனடா. என் மகள் வான்கூவரில் இருக்கிறாள். அவளுடைய பேறுகாலத்துக்கு நானும் வீட்டுக்காரம்மாவும் போய் ஆறு மாசம் இருந்தோம். பேரன் பிறந்த பிறகு வீட்டில் பெண்களுக்குத்தான் வேலை. எனக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் வேலை. அக்டோபர் மாதம் ஒருநாள் மருமகன், "மாமா, ஆத்துல மீன் ஏறுது. பார்க்கப் போவமா?" என்று கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காரோடு கப்பலில் ஏறி வான்கூவர் தீவுக்குப் போய், அங்கிருந்து வடக்கே 150 கிலோமீட்டர் சொச்சம். கேம்பெல் ரிவர் என்று ஊர். ஆற்றுக்கும் அதே பெயர்தான்.

ஆற்றங்கரைக்குப் போனதும் முதலில் வந்தது நாத்தம். பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும்போது வருமே, அதே நாத்தம். பழகின மூக்கு என்பதால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மருமகன்தான் கைக்குட்டையை எடுத்தார். கரையோரமெல்லாம் முழங்கை நீளத்துக்கு மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. நடு ஆற்றில் உயிரோடு இருப்பவை தண்ணியை எதிர்த்து வாலை அடித்துக்கொண்டு நின்றன. செதில் தேய்ந்து, துடுப்பு வெளுத்து, உடம்பெல்லாம் புண். "யாரோ மருந்து கலந்துட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன். இல்லையாம். அந்த மீனின் முறையே அதுதானாம்.

அதுதான் சால்மன். நம்ம சந்தையில் சிலர் காலா மீனை இந்தியன் சால்மன் என்று விற்பார்கள். அது வேறு சாதி. இது குளிர்ந்த ஆற்றில் கூழாங்கல்லுக்குள் பிறக்கிற மீன். தாய்மீன் வாலால் கல்லைத் தள்ளிப் பள்ளம் பறித்து முட்டையிட்டு, மறுபடி கல்லைத் தள்ளி மூடிவிடும். குளிர்காலம் முழுக்க முட்டை அந்தக் கல்லுக்கு இடையில் ஓடுகிற தண்ணியில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். பொரித்து வந்து, சில வகை உடனேயும் சில வகை ஒரு வருசம், ரெண்டு வருசம் கழித்தும் கடலுக்குப் போய்விடும். கடலில் தின்று கொழுத்து, வகைக்குத் தகுந்தபடி ரெண்டு வருசத்திலிருந்து ஆறேழு வருசத்துக்குள் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். ஆற்று வாய்க்குள் நுழைந்த பிறகு இரை எடுக்காது. உடம்பில் இருக்கிற கொழுப்பை எரித்தே மேலே ஏறும். முட்டையிட்டதும் செத்துப்போகும். பசிபிக் கரைச் சால்மன் எல்லாம் இப்படித்தான். செத்த மீன் கரடிக்கும் கழுகுக்கும் போய், மிச்சம் ஆற்றங்கரை மரத்துக்கு உரமாகிறது. கடலிலிருந்து வந்த சத்தை அந்த மரங்களில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இத்தனை ஆற்றில் தன் ஆற்றை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசத்தை வைத்துத்தான். ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய மாணவரும் 1950-களில் ஒரு வேலை செய்தார்கள். சால்மனைப் பிடித்துச் சிலதுக்கு மட்டும் மூக்கை அடைத்துவிட்டு, கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவை ஆறு பிரியிற இடத்தில் தன் கிளையில் ஏறின. அடைபட்டவை வழி தெரியாமல் அங்கேயும் இங்கேயும் போயின. மாட்டைச் சந்தையில் வித்துவிட்டாலும் ராத்திரியோட ராத்திரியாகப் பழைய கட்டுத்தறிக்கு வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாகத் தெரியாது.

ஆற்றில் இரையே எடுக்காத மீன் பிறகு எப்படித் தூண்டிலைக் கவ்வுகிறது? அந்த ஊர்த் தூண்டில்காரர்கள் நூறு வருசமாக இதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோபம் என்கிறார்கள், பழைய பழக்கம் என்கிறார்கள். எனக்கு அய்யா சொன்ன விரால்தான் ஞாபகம் வந்தது.

அந்த ஆற்றங்கரையில் ஒரு மரவீடு இருக்கிறது. பழைய வீடு, தோட்டம், சுவரெல்லாம் புத்தகம் அடுக்கிய ஓர் அறை. ரோடரிக் ஹேக்-பிரவுன் என்பவர் வாழ்ந்த வீடு. அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவர் எழுதிய புத்தகங்களில் இரண்டை மகள் நூலகத்திலிருந்து எடுத்துவந்தாள். என் இங்கிலீஷ் பாதி வழியில் நின்றுவிடும். பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவள் தமிழில் சொல்லச் சொல்ல, மிச்ச நாளெல்லாம் எனக்கு அதுதான் பொழுது.

அவர் 1908-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பாவும் மீன்பிடிப்பைப் பற்றியெல்லாம் எழுதியவர்தான். முதல் உலகப்போரில் ராணுவ அதிகாரியாக இருந்து 1918-ல் போர்முனையில் இறந்துபோனார். பையனுக்கு அப்போது பத்து வயசு. அதற்கப்புறம் தாய்வழித் தாத்தா வீட்டுப் பக்கத்து ஆற்றில் தூண்டில் பழகினார். வீட்டில் அவரை அரசாங்க உத்தியோகத்துக்கு அனுப்ப நினைத்தார்கள். அவரோ 1926-ல், பதினெட்டு வயசில், அமெரிக்காவின் மேற்குக் கரையில் மரம் வெட்டுகிற முகாமுக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கிருந்து வான்கூவர் தீவு. மரம் வெட்டினார், கண்ணி வைத்தார், மீன் பிடித்து விற்றார், மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போனார். நடுவில் லண்டனுக்குத் திரும்பி, ஒரு சால்மனின் வாழ்க்கையையே கதையாக்கி 1931-ல் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்தார். லண்டன் அவரைப் பிடித்து வைக்கவில்லை. திரும்பவும் அந்தத் தீவுக்கே வந்தார். 1934-ல் ஆன் எல்மோர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, கேம்பெல் ஆற்றங்கரையில் இருபது ஏக்கர் வாங்கி உட்கார்ந்தார்.

ஆற்றுக்காகத்தான் அந்த ஊர். அந்த ஆற்றுமுகத்தில் ஏறுகிற சால்மன் பேர்போனது. 30 பவுண்டுக்கு மேல், அதாவது நம்ம கணக்கில் பதிமூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை உள்ள சினூக் வகை மீனுக்கு அங்கே 'டையீ' என்று பெயர். அந்த மண்ணின் பழங்குடிகள் பேச்சில் தலைவன் என்று அர்த்தம். 1924-லிருந்து அங்கே ஒரு டையீ சங்கம் இருக்கிறது. மோட்டார் இல்லாத துடுப்புப் படகில்தான் போக வேண்டும், உயிர் இரை போடக்கூடாது, மெல்லிய நூல்தான் என்று அவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம். பெரிய மீனுக்கும் தப்பிக்க ஒரு வழி விட்டு வைக்கிற சட்டம் அது. அய்யா இருந்திருந்தால் அந்தச் சங்கத்தில் சேர்ந்திருப்பார்.

இருபது ஏக்கரில் அவர் வாழ்ந்தது நம்ம சம்சாரி வாழ்க்கைதான். மாடு, கோழி, காய்கறித் தோட்டம், பழமரம், குளிர்காலத்துக்கு விறகு. நாலு பிள்ளைகள். அந்தப் பண்ணையின் ஒரு வருசத்தை மாசம் மாசமாக எழுதி ஒரு புத்தகம், ஆற்றின் ஒரு வருசத்தை மாசம் மாசமாக எழுதி இன்னொரு புத்தகம். ரெண்டாவது 1946-ல் வந்தது. ஆறு தூங்குவதே இல்லை என்று அர்த்தம் வருகிற தலைப்பு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கலுங்கில் தண்ணி விழுகிற சத்தம் கேட்டுப் படுத்திருக்கிறவர்களுக்கு அந்தத் தலைப்பே போதும்.

எழுத்தில் குடும்பம் நடத்த முடியாது. அங்கேயும் அதே கதைதான். 1940-களின் தொடக்கத்தில் அவரை அந்த ஊருக்கு மாஜிஸ்திரேட்டாகப் போட்டார்கள். சட்டம் படித்தவர் கிடையாது. கல்லூரி வாசலையே மிதிக்காதவர். ஆனாலும் முப்பது வருசத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். மரம் வெட்டுகிறவன், படகுக்காரன், குடித்துவிட்டுச் சண்டை போட்டவன், திருட்டுத்தனமாக மான் சுட்டவன் எல்லாரும் அவர் முன்னால் வந்து நின்றார்கள். அவரும் அதே முகாம்களில் தூங்கி எழுந்தவர் என்பதால் அவர்களுக்கு அவர் வேற்று ஆள் இல்லை. அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. அடிபட்டு வந்த பெண்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தவர். அந்த ஊரில் பெண்கள் காப்பகத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

இதுவரைக்கும் கேட்டால் நல்ல மனுசர், நல்ல வாழ்க்கை, அவ்வளவுதான். எனக்கு அவர் நெருக்கமானது இதற்கப்புறம்தான்.

தூண்டில் போடுகிறவனுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. மீன் குறைவது அவனுக்குத்தான் முதலில் தெரியும். வலை வைத்திருக்கிறவன் கண்ணியைச் சின்னதாக்கிக் கொஞ்ச நாள் சமாளித்துக்கொள்வான். சந்தையில் வாங்குகிறவருக்கு வேறு ஊர் மீன் வந்துவிடும். ஒரே இடத்தில், ஒரே முள்ளோடு, மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஏமாற்றவும் வழியில்லை, ஏமாறவும் வழியில்லை. தக்கை அசையவில்லை என்றால் அசையவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டு தண்ணியையே பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணி ஏன் கலங்கிக் கிடக்கிறது, மேலே என்ன நடக்கிறது என்று எழுந்து நடந்து பார்ப்பான். ஹேக்-பிரவுன் அப்படி நடந்து பார்த்தவர். மலையில் மரத்தை மொட்டையடித்தால் மண் கரைந்து ஓடையில் இறங்கும். அந்தச் சேறு கூழாங்கல் இடுக்கை அடைத்தால் உள்ளே இருக்கிற முட்டை மூச்சு முட்டிச் சாகும். மரம் வெட்டிய கைக்கே அது தெரிந்தது. வயசான காலத்தில்கூட ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு அந்தக் குளிர் ஆற்றுக்குள் முகத்தைப் புதைத்து மிதந்து, மீன் என்ன செய்கிறது என்று பார்த்தார். பிடிப்பதைவிடப் பார்ப்பதில் நேரம் கூடிப்போனது.

1947-ல் அவர் ஆற்றிலேயே மின்சாரத்துக்கு ஜான் ஹார்ட் அணை வந்தது. அணை வந்தால் தண்ணியின் போக்கு மாறும். அதோடு, மேலிருந்து வெள்ளம் உருட்டிக்கொண்டு வருகிற புதுக் கல்லும் அணையில் நின்றுவிடும். கீழே இருக்கிற கல் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு போய், சால்மனுக்கு முட்டையிட இடமில்லாமல் ஆகும். பிற்பாடு மனுசர்களே கூழாங்கல் கொண்டுவந்து அந்த ஆற்றில் கொட்ட வேண்டியிருந்தது. மணல் அள்ளின ஆற்றங்கரையில் கிணறு வெட்டினவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக, அதே ஆற்றின் தலைமாட்டில் இருக்கிற பட்டில் ஏரியை அணைக்காக உயர்த்தத் திட்டம் வந்தது. அந்த ஏரி, அந்த மாகாணம் 1911-ல் முதன்முதலாகப் பூங்காவாக ஒதுக்கிவைத்த ஸ்ட்ராத்கோனா காட்டுக்குள் இருப்பது. 1950-களின் தொடக்கத்தில் ஹேக்-பிரவுன் அதை எதிர்த்து நின்றார். எழுதினார், விசாரணைகளில் பேசினார். கேட்டுப் பாருங்கள்: சின்ன ஊர், அணை வந்தால் வேலை வரும், மின்சாரம் வரும். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, அந்த ஊர் மாஜிஸ்திரேட்டே வேண்டாம் என்று சொன்னால் ஊர் எப்படிப் பார்த்திருக்கும்! கடைசியில் அணையைக் கொஞ்சம் கீழே தள்ளிக் கட்டினார்கள். ஆனாலும் பட்டில் ஏரியின் மட்டம் ஏறத்தான் செய்தது. அவர் கேட்டது கிடைக்கவில்லை.

தோற்றவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. ஃபிரேசர் என்று பெரிய ஆறு ஒன்று வான்கூவர் பக்கம் கடலில் விழுகிறது. சால்மனுக்கு அது ராஜபாட்டை. அதில் 1913, 1914 வாக்கில் ரயில் பாதை போட்டபோது ஹெல்ஸ் கேட் என்ற இடுக்கில் பாறை சரிந்து வழியை அடைத்து, அந்த ஆற்று மீனே நொடித்துப் போனது. முப்பது வருசம் கழித்துத்தான் மீன் ஏறப் படிவழி கட்டினார்கள். அந்த ஃபிரேசரின் குறுக்கே மோரன் என்ற இடத்தில் மாபெரும் அணை கட்டும் திட்டம் பல வருசம் பேச்சில் இருந்தது. ஹேக்-பிரவுன் எதிர்த்தவர்களோடு நின்றார். அந்த அணை வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஃபிரேசரின் முதன்மை ஓட்டத்தில் ஓர் அணைகூட இல்லை. கல்லூரிக்கே போகாத அவரை 1970-ல் விக்டோரியா பல்கலைக்கழகத்துக்கு வேந்தராக்கினார்கள். 1976-ல் அதே ஆற்றங்கரை வீட்டில் காலமானார். அதற்கப்புறம் அவர் நிலத்தை ஒட்டி ஓடுகிற சின்ன ஓடையைச் சரிசெய்து, சால்மன் குஞ்சு வளர்கிற இடமாக்கி வைத்திருக்கிறார்கள்.

மகள் இதைச் சொல்லி முடித்தபோது, "நம்ம ஊர்ல இப்படி மீன் ஏறுமாப்பா?" என்று கேட்டாள். ஏறியது. உல்லம் என்று ஒரு மீன். வங்காளத்துக்காரர்கள் இலிஷ் என்று உயிரை விடுவார்களே, அதேதான். கடலிலிருந்து கொள்ளிடத்திலும் காவிரியிலும் முட்டையிட ஏறி வரும். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வரத்து குறைந்து தேய்ந்து போனது. அணையால் டெல்டா சோறு தின்றது, அதை இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகும். ஆனால் உல்லத்துக்காக அன்றைக்கு யாராவது ஒரு மனுசர் எழுந்து நின்று பேசினாரா என்று அந்த ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

இப்போது எங்க கண்மாய் வழக்குக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. அநேகமானவற்றில் மீன்பாசி ஏலம் நடக்கும். எங்க ஊரில் அந்த ஏலப் பணம்தான் கோயில் திருவிழாவுக்கு ஆதாரம். முன்பெல்லாம் அறுப்பு முடிந்து தண்ணி வற்றியதும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, வலை, சேலை என்று கையில் கிடைத்ததோடு ஊரே இறங்கும். அப்படிக் கலக்கினாலும் மடைப் பள்ளத்துச் சேற்றில் விரால் தப்பிக் கிடக்கும். அடுத்த ஐப்பசிக்கு அதுதான் விதை. இப்போது ஏலம் எடுக்கிறவர் வளர்ப்புக் கெண்டைக் குஞ்சு விடுகிறார். விட்ட காசை எடுக்க வேண்டும். கடைசித் தண்ணி பாயுமுன்னே ராத்திரியோடு மடையைத் திறந்து தண்ணியைக் குறைப்பது, அப்புறம் மோட்டார் வைத்து மடைப் பள்ளத்தையும் சொட்டு விடாமல் இறைப்பது என்று நாலைந்து வருசமாக நடக்கிறது. போன வருசம் பின்னால் நட்ட பதினோரு வயல் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்தது. மூன்று வருசமாக நான் கண்மாயில் விரால் குஞ்சுக்கூட்டத்தைப் பார்க்கவில்லை. வயல் காய்ந்தது எல்லாருக்கும் தெரியும். குஞ்சுக்கூட்டம் இல்லாதது தெரிந்தவர்கள் நானும் இன்னும் ரெண்டு தூண்டில்காரர்களும்தான்.

ஏலம் எடுத்திருப்பவர் வேறு யாரும் இல்லை, எனக்குப் பங்காளி, தம்பி முறை. நான் கனடாவிலிருந்து வந்த பிறகு அவரிடம் நேரில் போய்ப் பேசினேன்.

"அண்ணே, நீங்க சும்மா பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுறவுக. நான் வட்டிக்கு வாங்கிக் குஞ்சு விட்டிருக்கேன். பள்ளத்தை விட்டுட்டா அதுல கிடக்குற மீனு யாருக்கு?"

"யாருக்கும் இல்லப்பா. கண்மாய்க்கு."

"கண்மாய்க்கு மீனு எதுக்குண்ணே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடன்காரன் அவர் வாசலில்தான் நிற்பான், என் வாசலில் நிற்க மாட்டான்.

இந்தப் பங்குனியில் அடுத்த மூன்று வருசத்துக்கு ஏலம். ஊர்க் கூட்டத்தில் நான் ரெண்டு நிபந்தனை கேட்டிருக்கிறேன். ஒன்று, மடைச் சாவி ஆயக்கட்டுக்காரர்கள் கையிலும் நீர்பாய்ச்சி கையிலும்தான் இருக்க வேண்டும். ரெண்டு, மடைப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணிக்குக் கீழே யாரும் இறைக்கக்கூடாது, வலை போடக்கூடாது, தூண்டிலும் போடக்கூடாது. மூன்றாவதைச் சேர்த்ததும் கூட்டத்தில் சிரித்தார்கள். வீட்டுக்காரம்மா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாற்பது வருசமாக அந்தப் பள்ளத்தில்தான் என் சாயங்காலமெல்லாம் போயிருக்கிறது.

நிபந்தனை போட்டால் ஏலத்தொகை குறையும், திருவிழாவுக்கு யார் ஈடு கட்டுவது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. குறைகிற தொகையில் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆயக்கட்டுக்காரர்கள் போட்டுக்கொள்வோம், என் பங்கை முதலில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். தம்பி என்னிடம் ரெண்டு வாரமாகப் பேசவில்லை. அவர் வீட்டுக் காதுகுத்து வருகிறது. பத்திரிகை இன்னும் எனக்கு வரவில்லை.

பட்டில் ஏரியில் அவர் தோற்றதையும், மோரன் அணை வராமல் போனதையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ரெண்டு இடத்திலும் ஒரே மனுசர்தான் நின்றார், ஒரே பேச்சைத்தான் பேசினார். எது நிற்கும், எது விழும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டா அவர் போனார்? ஆற்றங்கரையில் வீடு, கையில் தூண்டில். போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

ஏலம் பங்குனி பத்தாம் தேதி. காலையில் கோயில் வாசலில் தண்டோரா போட்டுக் கூட்டுவார்கள். முடிந்ததும் என்ன ஆச்சு என்று எழுதுகிறேன். காதுகுத்துக்கு அழைக்காவிட்டாலும் போவதாக இருக்கிறேன். பங்காளி வீட்டு விசேசத்துக்குப் பத்திரிகை எதுக்கு?